காகித வண்டிக்கு டிரைவர்

பின் சீட்டில் ஆளே இல்லாதபோதும் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்துகிறது என்று ருயிலின் சொன்னபோது, அவள் அம்மா ஷூச்சின் ஊறவைத்த முட்டைக்கோஸை ஜாடியிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தாள்.

"சென்சார் கோளாறும்மா. ஒரு வண்டின்னா பரவால்ல, நான் ஏறுற எல்லா வண்டியும் கத்துது. கூட வேலை செய்யற பசங்க கிண்டலடிச்சுத் தள்ளுறானுங்க. 'பின்னாடி யாரை ஒளிச்சு வச்சுக் கூட்டிட்டுப் போற? எங்களுக்கும் காட்டேன்'ங்கிறானுங்க."

"நீ என்ன சொன்ன?"

"'உங்க வருங்கால மாமனார்தான், வந்து கும்பிட்டுக்கோங்கடா'ன்னேன்."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். ஷூச்சினுக்குச் சிரிப்பு வரவில்லை. ருயிலினின் அப்பா தேஷான் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜாடித் தண்ணீரின் குளிர் விரல் வழியாக முழங்கைவரை ஏறுவதுபோல இருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஜாடியை மூடினாள்.

கார் ஆலையின் லைனிலிருந்து இறங்கும் புது வண்டிகளை ஓட்டிக்கொண்டுபோய் யார்டில் நிறுத்துவதுதான் ருயிலினின் வேலை. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாத வண்டிகள். வண்டி திரும்பும்போது பின்னாலிருந்து அந்த பிளாஸ்டிக் நெரிபடும் சத்தம் கேட்கிறது என்றும், யாரோ சௌகரியமாக நகர்ந்து உட்காருவதுபோல இருக்கிறது என்றும் சாப்பிடும்போது சொன்னாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சாங்சுன் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் பிறப்பது கம்பெனி ஆஸ்பத்திரியில், படிப்பது கம்பெனிப் பள்ளியில், சாவதும் கம்பெனிக் குடியிருப்பில். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் ஆலைச் சங்குதான் நேரம் சொல்லும். தேஷான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைசிவரை லைனில் கதவு மாட்டினவன். அவன் கைபடாத கதவு இந்த மாகாணத்திலேயே கிடையாது என்று குடித்தால் பீற்றிக்கொள்வான். ஆனால் வண்டி ஓட்ட வராது. மூன்று தடவை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனான். மூன்று தடவையும் பின்பக்கமாக எடுக்கும்போது கம்பத்தில் கொண்டுபோய் மோதினான். அதற்கப்புறம் பின் சீட்டுதான். "மவராசன் எப்பவும் பின்னாலதான் உக்காருவான்" என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு, மற்றவர்கள் வண்டியில் ஜன்னலோரம் பிடித்து உட்காருவான். வசந்த காலத்தில் நுரையீரல் பழுதாகிச் செத்தான்.

சந்திர நாட்காட்டியில் பத்தாம் மாதத்தின் முதல் நாள் இறந்தவர்களுக்குக் குளிர் உடை அனுப்பும் நாள். காகிதத்தில் செய்த பஞ்சுக் கோட்டு, பஞ்சுக் கால்சட்டை எல்லாம் நாற்சந்தியில் வைத்து எரிப்பார்கள். இந்த வருஷம் ஷூச்சின் தேஷானுக்கு உடையோடு ஒரு காகித வண்டியும் வாங்கினாள். வெள்ளை வண்டி, நாலு கதவும் திறந்து மூடும்படி செய்தது. உயிரோடு இருக்கும்போது கிடைக்காதது அங்கேயாவது கிடைக்கட்டும் என்று நினைத்தாள். நாற்சந்தி மூலையில் கடை வைத்திருக்கும் தோங் அக்கா அன்றைக்குக் கேட்டதும், தான் சொன்ன பதிலும் இப்போது ஒரு வார்த்தை பிசகாமல் ஷூச்சினுக்கு நினைவு வந்தன.

"டிரைவர் வேணாமாடி? வண்டிக்கு ஜோடியா விக்கிறது." தோங் அக்கா எடுத்துக் காட்டிய டிரைவர், சோளத்தட்டையைக் கட்டி மேலே காகிதம் ஒட்டிய ஒரு பெண் பொம்மை. தொப்பி, சிவந்த கன்னம், கொடி இடுப்பு.

"அந்த மனுஷனுக்கு இவ ஒருத்திதான் குறைச்சல்! எடுத்து உள்ள வைக்கா."

"உன் வீட்டுக்காரருக்கு ஓட்ட வராதே."

"செத்த பிறகாவது கத்துக்கட்டும்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஷூச்சின் மற்ற எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தாள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டாள், கல்லறைப் பக்கம் பார்த்து வட்டத்தில் வாசல்போல ஒரு வாய் விட்டாள், உள்ளே அவன் பெயரை எழுதினாள், அநாதை ஆவிகள் பிடுங்காமலிருக்க முதல் காகிதத்தை வெளியே எறிந்தாள். டிரைவரை மட்டும் அனுப்பவில்லை. ஊரே வண்டி ஓட்டும் ஊரில் ஓட்டத் தெரியாதவனுக்கு வெறும் வண்டியை அனுப்பிவிட்டாள்.

ருயிலின் வண்டி கத்துவதைச் சொன்ன மறுவாரம் பனி கொட்டியது. பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும் பருவம். வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் முனகிக்கொண்டே இருந்தன, சத்தம் கேட்டால் எரியும் மாடிப்படி விளக்கு யார் செருமினாலும் எரிந்து அணைந்தது, ஜன்னலுக்குக் கீழே யார்டில் விற்காத வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனி மூடிக் கிடந்தன, ருயிலின் உள்ளே வரும்போதெல்லாம் அவள் கோட்டிலிருந்து புது ரப்பர் வாசமும் கதவு ஓரத்தில் தடவும் பசையின் வாசமும் மலிவான சிகரெட் வாசமும் கலந்து வந்தன. அது தேஷான் வேலை முடிந்து வரும்போது கொண்டுவரும் வாசம். ஷூச்சின் கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஏன்டி இவ்ளோ நேரம்?"

"கிழக்கு கேட் வரைக்கும் போனேன். அப்புறம் ஆத்துப் பாலம்."

"புது வண்டியிலயா? சூப்பர்வைசர் சும்மா விட்டாரா?"

"போகச் சொன்னா போகத்தானேம்மா வேணும்."

"யாருடி சொன்னா?"

ருயிலின் தட்டைப் பார்த்தாள். "சூப்பு ஆறுது, குடி."

அவள் தட்டில் இருந்தது அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. அவள் பேச்சில் சிரிப்பு குறைந்தது, பிறகு பேச்சே குறைந்தது. படியேறி வந்தால் மாடி விளக்கு எரிவதில்லை. ஐந்து மாடியும் இருட்டிலேயே ஏறி வந்து கதவுக்கு வெளியே நிற்பாள். கட்டிலில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்குவதில்லை. பக்கத்து அறையில் அவள் புரண்டு படுத்தால் போர்வைச் சத்தம் வருவதில்லை. சரசரவென்று வேறொரு சத்தம். ஷூச்சின் சுவரில் காதை வைத்துக் கேட்டாள், எடுத்துவிட்டாள், திரும்ப வைத்தாள். பெற்ற பெண்ணின் அறைக் கதவைத் தட்டக்கூடப் பயம்.

விடிந்ததும் ருயிலின் கிளம்பிப் போனாள். ஷூச்சின் பிற்பகல்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு தோங் அக்கா கடைக்கு ஓடினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தோங் அக்கா சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினாள். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னக்கா. நான்தான் மடச்சி."

"அவரு கெட்டவர் இல்லடி. வண்டி வந்துச்சு, ஓட்ட ஆள் இல்ல. தெரிஞ்ச ஆளா பாத்துக் கூப்பிட்டிருப்பாரு. நல்லா ஓட்டுற பொண்ணு வேற."

"இப்ப அனுப்பினா ஏத்துக்குவாரா?"

"அனுப்பிப் பாரு." கடையில் மிச்சமிருந்தது மீசை வைத்த ஒரே ஒரு டிரைவர். தோங் அக்கா காசு வாங்கவில்லை. அதுதான் ஷூச்சினை இன்னும் பயமுறுத்தியது.

நாற்சந்தியில் பனியை ஒதுக்கி வட்டம் போட்டாள். வாய் விட்டாள். பெயர் எழுதினாள். மீசைக்காரனை நடுவில் நிறுத்திப் பற்ற வைத்தாள். "ஏங்க, டிரைவர் அனுப்பியிருக்கேன். நல்ல ஆளு. நம்ம பொண்ணை விட்டுடுங்க. சின்னப் பொண்ணுங்க. இன்னும் கல்யாணம்கூட ஆகலைங்க."

நெருப்பு பொம்மையின் காலைத் தொட்டது. அணைந்தது. மறுபடி பற்ற வைத்தாள். மறுபடி அணைந்தது. கருகல்கூட இல்லை. காற்று எதுவும் அடிக்கவில்லை, ஆனாலும் பொம்மை மெல்ல அசைந்து, வட்டத்தின் வாய் வழியாக வெளியே வந்து, அவள் காலருகில் முகம் குப்புற விழுந்தது.

கடை வாசலில் நின்ற தோங் அக்கா இரண்டடி பின்வாங்கினாள். "இடம் காலி இருந்தாத்தான்டி ஆள் எடுப்பாங்க" என்றாள். அப்புறம், "உன் பொண்ணு எங்க?"

ஷூச்சின் ஓடினாள். பனியில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஓடினாள். யார்டு வாசலில் காவலாளி குறுக்கே போட்ட தடுப்புக் கம்பியின் மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ருயிலினா? ஒரு வாரமா வேலைக்கே வரலையேம்மா. போனும் எடுக்கறதில்ல. நாங்க உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லன்னு நினைச்சோம்."

"தினமும் கிளம்பி வந்தாளே."

"இங்க வரலம்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் யார்டின் கோடியில் இரண்டு விளக்குகள் எரிந்தன. காவலாளி அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீயை ஊதிக் குடித்தார். அவருக்குத் தெரியவில்லை.

ஷூச்சின் கம்பிக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். இரண்டு பக்கமும் பனி மூடிய வண்டிகள். நடுவில் சந்து. விளக்குகள் நெருங்கி வந்தன. என்ஜின் சத்தம் இல்லை. சக்கரச் சத்தம் இல்லை. பனியில் தடமும் இல்லை. வெள்ளை வண்டி. புத்தம் புதுசு.

அவள் முன்னால் வந்து நின்றது.

பின் சீட்டில் தேஷான் உட்கார்ந்திருந்தான். அவள் அனுப்பிய பஞ்சுக் கோட்டு. ஜன்னலோரம். இருமல் இல்லாத, ரத்த ஓட்டம் திரும்பிய முகம். கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை. அவளைப் பார்த்துத் தலையாட்டினான், ஊர்கோலம் போகிறவன் தெருவில் நிற்பவர்களைப் பார்த்து ஆட்டுவதுபோல.

ஸ்டீயரிங்கில் ருயிலின்.

ஷூச்சின் முன்கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தாள். "இறங்குடி! இறங்கு, வீட்டுக்குப் போகலாம். ஏங்க, என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் ஓட்டக் கத்துக்கறேன். நான் வரேங்க!"

தேஷான் கேட்கவில்லை. அவன் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளின் கையைப் பற்றினாள். கனமே இல்லை. இழுத்தாள். டர்ரென்று ஒரு சத்தம். தோளருகே ஒரு நீளக் கிழிசல். உள்ளே சதை இல்லை, ரத்தம் இல்லை. நூலால் கட்டிய சோளத்தட்டை.

"அம்மா," என்றாள் ருயிலின். அவளுடைய அதே குரல். "இழுக்காதம்மா. கிழியுது."

ஷூச்சின் கையை எடுத்தாள்.

பனி மறுபடி விழத் தொடங்கியது. பெரிய பெரிய பனிச் செதில்கள். திறந்த கதவு வழியாக உள்ளே வந்து ருயிலினின் நெற்றியில் உட்கார்ந்தன, உருகின. உருகிய இடத்தில் புருவத்தின் கறுப்பு கலங்கி, கன்னத்தில் கோடாக வழிந்தது. ஷூச்சின் துடைக்கப் போனாள். விரல் பட்டால் இன்னும் அழியும். முந்தானைபோல் தன் கோட்டை விரித்து மறைத்துப் பார்த்தாள். காற்று பனியைப் பக்கவாட்டில் அடித்தது. ஒரு கண் ஏற்கெனவே பாதி கரைந்திருந்தது. மிச்சக் கண் அம்மாவைப் பார்த்தது.

"நனையுதும்மா," என்றாள் ருயிலின்.

ஷூச்சின் தன் கையாலேயே கதவைச் சாத்தினாள். மெதுவாக, சத்தம் வராமல், முழுக்க மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து.