ஹெர்ட்சும் டெசிபெல்லும் செபமாலையும்

டும், டும், டும்!

கீழ் வீட்டு கிர்ஸ்டன் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார். மேல் வீட்டில் செபமாலை பாதியில் நின்றது.

“இன்னும் மெதுவாச் சொல்லுங்கோ,” என்றார் அம்மா. காலையில் தொழிற்சாலைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள் குவிந்திருந்தன. அதனால் தையல் மெசினில் தைத்துக்கொண்டேதான் அவர் செபம் சொல்லுவார்.

“இதுக்கு மேல மெதுவெண்டால் மாதாவுக்கே கேக்காது,” என்றார் அப்பா.

பகிடி விட்டாலும் அப்பாவுக்குப் பயம்தான். மாலை நேரச் சத்தம் நிற்காவிட்டால், வாடகைக்கு வீடு தந்த கந்தோரில் முறையிடுவேன் என்று கிர்ஸ்டன் சொல்லியிருந்தார். டென்மார்க்கின் இந்தச் சின்ன இக்காஸ்ட் நகரில் வேறு வீடு எங்கே தேடுவது?

செபத்தோடு பாடும் மாதா பாட்டை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. மறுநாள் உதடுகள் மட்டும் அசைந்தன.

டும்!

மகள் செலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பள்ளிக்கூடத்திலோ இன்னும் குழப்பம். ஆசிரியர் ஜென்ஸ், இசைக்கவர் என்ற இரண்டு கிளை உலோகக் கவையைத் தட்டிக் கையில் பிடித்தார். மெல்லிய ‘ம்ம்’ கேட்டது.

“ஒரு செக்கனுக்கு நானூற்று நாற்பது அதிர்வு. நானூற்று நாற்பது ஹெர்ட்ஸ்.”

பிறகு அதன் காம்பை மேசையில் ஊன்றினார். அந்த ‘ம்ம்ம்’ வகுப்பு முழுக்கக் கேட்டது.

“இப்போது எத்தனை ஹெர்ட்ஸ்?”

“ஆயிரம்!” என்றாள் செலின். எல்லோரும் சிரித்தார்கள்.

“அதே நானூற்று நாற்பதுதான். சத்தத்தின் அளவு டெசிபெல். அதுதான் கூடியது. மேசையும் சேர்ந்து அதிர்கிறதே!”

அதே கவர், அதே ஹெர்ட்ஸ், ஆனால் பெரிய சத்தம். வீடு வரும்வரை செலினின் தலை சுற்றியது.

அன்று மாலை செபத்துக்கு முழந்தாளிட்டாள். முழங்காலில் ஏதோ குறுகுறுத்தது. உள்ளங்கையைப் பலகைத் தரையில் வைத்தாள்.

“அம்மா, மெசினை நிப்பாட்டுங்கோ!”

குறுகுறுப்பு நின்றது.

“இப்ப ஓட்டுங்கோ!”

திரும்பவும் வந்தது.

“அப்பா, கத்துறது நாங்களில்லை. தரை!”

“தரைக்கு வாயிருக்கோ?”

“மேசைக்கும் இல்லைத்தானே!”

“எந்த மேசை?” அப்பா விழித்தார்.

பள்ளிக்கூடத்து மேசையையும் ஹெர்ட்சையும் பற்றிச் சொல்லியபடியே செலின் தையல் வெட்டுத்துணிகளைத் தடிப்பாக மடித்து, யந்திர மேசையின் ஒவ்வொரு காலுக்கும் கீழே திணித்தாள். அம்மா தைத்தார். தரை பேசாமல் கிடந்தது. கீழேயும் சத்தமில்லை.

சற்றுப் பொறுத்து யாரோ கதவைத் தட்டினார்கள். கிர்ஸ்டன்! அப்பாவின் முகம் வெளிறியது.

டேனிஷில் அவர் சொன்னதைச் செலின் தமிழில் சொன்னாள்: “அந்த உறுமல் நிண்டிட்டுதாம். நன்றியாம். ஆனா ஒரு கிழமையாப் பாட்டைக் காணேல்லையாம். ஆருக்கும் சுகமில்லையோ எண்டு கேக்கிறா.”

“அப்ப அவவுக்கு எங்கட பாட்டுப் பிடிச்சிருக்கு!” என்றார் அம்மா.

“அந்தப் பாட்டு எத்தினை ஹெர்ட்ஸ், பிள்ளை?” என்றார் அப்பா.

“அது எனக்கு இன்னும் குழப்பம்தான், அப்பா. நீங்கள் பாடுங்கோ.”

அப்பா தொண்டையைச் செருமினார். கிர்ஸ்டன் படியிறங்கிப் போய், தன் வீட்டுக் கதவைத் திறந்தே வைத்தார்.