சகலையின் காரில் ஒரு சிணுங்கல்

பெத்தணன் ஏறி உட்கார்ந்த முதல் நாளே அந்தக் கார் சிணுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஊசிபோல ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. திருத்தங்கல் ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கும் பெத்தணனுக்கு அதைக் கேட்டதும் நெஞ்சில் பன்னீர் தெளித்தாற்போல் இருந்தது. பாவம், மனுஷன் சந்தோஷப்பட்டு நாளாகியிருந்தது.

கார் அவனுடையது இல்லை. மச்சினிச்சி செல்லக்கனியின் புருஷன் செழியனுடையது. பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அடிக்கும் ஆர்டர் பிடிப்பவன். போன வருஷம் வரை மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தவன், ஒரே சீசனில் கார் வாங்கிவிட்டான். பழைய கார்தான், ஆனாலும் வெள்ளை நிறம், ஏ.சி. வேறு. ஊரார் கார்களையெல்லாம் ஓட வைக்கிற பெத்தணனோ இன்னமும் புகை கக்கும் மொபெட்டில்தான் பெண்டாட்டி மாரித்தாயை ஏற்றிக்கொண்டு போகிறான். சகலை கார் வாங்கினால் யாருக்கும் வயிறு எரியும்தான். அதற்காக வீட்டில் மூன்று வேளையும் குழம்பில் உப்பில்லை என்று சண்டை பிடிப்பவனை என்ன சொல்வது!

"வாங்குறப்ப இந்தச் சத்தம் இல்ல சகல. உங்கள ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போனோம்ல, அன்னைக்குத்தான் மொதல்ல கேட்டுச்சு," என்றான் செழியன், காரைப் பட்டறையில் விட வந்தபோது. "நாளைக்குக் காலைல மாமனார் வீட்டோட இருக்கங்குடி கோயிலுக்குப் போறோம். அதுக்குள்ள பாத்துக் குடுத்துருங்க. வேற எவன்ட்டயும் குடுக்க மனசு வரல."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த மாரித்தாய் சும்மா இருக்கவில்லை. "இவுக கண்டுபிடிக்காட்டி, அப்புறம் எங்க அய்யா வீட்டு வாசல மிதிக்க முடியாதுல்ல," என்று சிரித்தாள்.

அவள் சிரித்தாளே தவிர, பேச்சு உண்மைதான். இன்றைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

மத்தியானம் நாரணாபுரம் ரோட்டில் அவனும் சகலையுமாக ஓட்டிப் பார்த்தார்கள். கருவேல மரங்களுக்குப் பின்னாலிருந்து வெடிமருந்து வாடையும், வெயிலில் காயும் பசை வாடையும், சூடான ரெக்ஸின் சீட்டின் வாடையும் ஒன்றாகக் கலந்து காருக்குள் நிறைந்தன. அவற்றுக்கு நடுவே பல்லைக் கூசச் செய்யும் அந்த ஒற்றை இழைச் சத்தம், எங்கோ தூரத்தில் யாரோ விட்டு விட்டு அழுவதுபோல, மிதிக்க மிதிக்க மேலே ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் ஃபேன் பெல்ட்டில் சோப்புத் தேய்த்தான். போகவில்லை. பெல்ட்டையே கழற்றி வைத்துவிட்டு இஞ்சினை முடுக்கினான். போகவில்லை. சக்கரமே சுற்றாமல் நியூட்ரலில் வைத்து முறுக்கினாலும் சிணுங்கியது.

"நீ மட்டும் ஓட்டிட்டுப் போ. நான் கீழ நின்னு கேக்கேன்."

பெல்ட்டை மாட்டிக்கொடுத்து ரோட்டோரம் நின்றான். கார் அவனைத் தாண்டி வேகமாகப் போனது, திரும்பி வந்தது. டயர் தேயும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லையே சகல! நீங்க தொட்டதுமே சரியாப் போச்சு," என்றான் செழியன்.

பெத்தணன் கதவைத் திறந்து ஏறினான். செழியன் மிதித்தான்.

சிணுங்கியது.

ஊர் வரும் வரை செழியன் ஓரக்கண்ணால் சகலையையே பார்த்துக்கொண்டு வந்தான். பட்டறை வாசலில் அவசரமாக இறங்கி, "பொம்பளைகளக் கூட்டிக்கிட்டு வாரேன்," என்று நடையைக் கட்டினான்.

பொழுது இறங்கியது. கரண்டு போயிற்று. தெருவே இருட்டில் மூழ்க, எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் கிரீஸும் துருவும் பிடித்த பட்டறையில் பானட்டுக்குள் குனிந்திருந்தான் பெத்தணன். நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து, நுனியால் இஞ்சினை ஒவ்வோர் இடமாகத் தொட்டான். எந்தப் பேரிங் கத்தினாலும் கம்பி வழியே காதுக்குள் வந்துவிடும். டைனமோ சுத்தமாக ஓடியது. வாட்டர் பம்பும் சுத்தம். கியர் பாக்ஸிலும் குறையில்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை. சத்தம் மட்டும் இருந்தது.

இஞ்சினை அணைத்தான். சாவியை உருவினான்.

சத்தம் உடனே நிற்கவில்லை. அவனுடைய மூச்சு அடங்க அடங்க, அதுவும் மெல்ல அடங்கியது.

அசையாமல் நின்றான்.

வாசலில் ஆட்டோ நின்றது. செழியனோடு அக்காளும் தங்கையும் இறங்கினார்கள். மாரித்தாய் நேரே காரின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சீட்டைத் தடவினாள். "மெத்தையில்ல இது. குடுத்து வச்சவடி நீ," என்றாள் செல்லக்கனியிடம். பிறகு செழியனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் பெத்தணனைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

மெல்லியதாக ஆரம்பித்தது.

"இஞ்சின அமத்திருங்க சகல," என்றான் செழியன்.

பெத்தணன் கையை விரித்துக் காட்டினான். சாவி உள்ளங்கையில் இருந்தது.

மறு கையிலிருந்த திருப்புளியின் பிடியைத் திரும்பக் காதில் வைத்தான். நுனியைத் தன் பக்கம் திருப்பினான். தன் நெஞ்சுக்குழியில் வைத்தான்.

இருந்தது. இங்கேதான். அடியாழத்தில். சுற்றிக்கொண்டு.

"எங்கன இருந்துங்க வருது?" மாரித்தாயின் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. அதுதான் வந்தது. உரக்க. ஒரே இழையாக. ஏறிக்கொண்டே.

அவர்கள் பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர்கள். விசில் வெடி கத்தி முடித்ததும் என்ன வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாரித்தாய் காரை விட்டு இறங்கினாள். புருஷன் பக்கம் வரவில்லை. செல்லக்கனி அக்காளின் சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மூன்று பேரும் அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் பின்வாங்கி, எதிர்ச்சுவரில் முதுகு முட்டி நின்றார்கள். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டார்கள். காதுகளை இறுக்கப் பொத்திக்கொண்டார்கள்.

பெத்தணனால் வாயை மூட முடியவில்லை.