மைக் சொருக இடமில்லாத பெட்டி

பழைய சவுண்ட் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, மைக்கில் இரண்டு தடவை ஊதி, திரையில் துள்ளி அடங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "இதுல ஒரு கோளாறும் இல்லையே" என்றார்.

சின்னவன் சட்டென்று திரும்பிப் பார்த்தான். கடை வாசலில் நின்று அண்ணி குடையை உதறி மடக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. எப்போதாவதுதான் மக்கர் பண்ணும் என்று தாழ்ந்த குரலில் கடைக்காரரிடம் சொன்னான். அவர் நம்பாமல் இன்னொரு தடவை ஊதினார். பச்சைக் கோடு மறுபடியும் துள்ளியது.

அன்றைக்கும் அது நன்றாகத்தான் வேலை செய்தது. அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்ற பெயர்தான். விழா வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது தொழில். எல்லாம் வீட்டிலேயே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு. அண்ணன் தொலைதூர பஸ் ஓட்டியவர். ஹாரன் கெட்டுப்போனால்கூட அவர் வண்டி ஓடும், ஜன்னல் வழியாக ஒரு அதட்டல் போதும், லாரிகள் ஒதுங்கிவிடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவருக்கு நரம்பு நோய் வந்து முதலில் கால் போனது, பிறகு கை, கடைசியில் குரலும் வெறும் முணுமுணுப்பாகத் தேய்ந்தது. வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன. அண்ணி மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயாக வேண்டும். ஆகவே சின்னவன் ஒரு சிறிய மைக்கை அண்ணன் தலையணையில் குத்தி, வயரைக் கதவுக்கு அடியில் ஓட்டி, தன் கம்ப்யூட்டரில் சொருகிவைத்தான். அவன் எந்த வேலையில் இருந்தாலும் அண்ணனின் முணுமுணுப்பு ஹெட்போனில் வந்துவிடும். "டேய் சின்னவனே, கொஞ்சம் வாடா." எப்போதும் இதுதான். தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சத்தோடு, ஒரே ஒரு தடவை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு அவன் கேம் விளையாட உட்கார்ந்தான். மைக்கிலிருந்து வந்த மெல்லிய இரைச்சல் எரிச்சலாக இருந்தது. அரை மணி நேரம்தானே என்று மைக்கின் சத்தத்தை அணைத்துவைத்தான். அரை மணி முக்கால் மணியாயிற்று. ஐந்து மணிக்கு அண்ணி வேலையிலிருந்து வந்து அந்த அறைக்குள் போனபோது, அண்ணன் சளி அடைத்து மூச்சு முட்டி, வாய் திறந்தபடி கிடந்தார்.

கார்டு கெட்டுப்போச்சு, சத்தமே வரல என்று அவன் வாய் தானாகச் சொன்னது. அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மெஷின் செய்ததற்கு நீங்கள் என்ன பண்ணுவீர்கள் தம்பி என்று அவனுக்கு ஆறுதல் சொன்னாள். புருஷனைப் பறிகொடுத்தவள் அவனைத் தேற்றினாள். அவனும் தேறியவன் மாதிரி தலையை ஆட்டினான். அன்றிலிருந்து அவள் பரிமாறும் ஒவ்வொரு கவளமும் அவன் தொண்டையில் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத்தான் இறங்கியது.

இப்போது அவள்தான் பிடிவாதமாக அவனைக் கடைக்கு இழுத்து வந்திருந்தாள். அந்தச் சனியன் இனிமேல் வீட்டில் இருக்கக் கூடாது, தொழிலுக்கு வேண்டியதை நல்லதாகவே வாங்குங்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடைக்காரருக்கு விவரம் சொல்வதில் சலிப்பே இல்லை. "பாட்டுக்குன்னா இரைச்சல் இருக்கக் கூடாது. கேமுக்குன்னா சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரியணும். படத்துக்குன்னா பேச்சு தெளிவாக் கேக்கணும். உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டார்.

மைக் சொருக இடமே இல்லாததாகக் கொடுங்கள் என்றான் சின்னவன்.

கடைக்காரர் அவனை விநோதமாகப் பார்த்தார். மூன்று பெட்டிகளைப் பிரித்து மூடி, நான்காவதாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவைத்தார். இது கம்ப்யூட்டருக்குள் போகாது, வெளியே மேசைமேல் நிற்கும், அதனால் மெஷினின் இரைச்சல் இதில் ஏறாது. நடுவில் இருக்கும் திருகுக் குமிழைப் பாட்டு, கேம், படம் என்று மூன்று பக்கம் திருப்பலாம். ஹெட்போனுக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே எதுவும் போக வழி கிடையாது, வெளியே மட்டும்தான் வரும் என்று சிரித்தார். அண்ணி அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பவள்போல் ஏந்தி, "இதையே வாங்கிக்கலாம் தம்பி" என்றாள்.

முதல் நாள், அண்ணி வேலைக்குப் போனபின், வெளியே மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, அவன் திருகைப் பாட்டின் பக்கம் வைத்து ஒரு புல்லாங்குழல் பதிவை ஓடவிட்டான். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. இரைச்சல் அறவே இல்லை. வாசிப்பவரின் உதடு குழலைத் தொடும் ஈரமும், விரல் துளையை விட்டு எழும் சின்ன ஒட்டலும், ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் மூச்சு இழுப்பதும் தனித்தனியாகக் கேட்டன. மூன்றாவது நிமிடத்தில்தான் அவனுக்கு உறைத்தது. வாசிப்பவர் ஊதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மூச்சு உள்ளே போகிறது. மெதுவாக, பாதி வழியில் எதிலோ தடுக்கி, மறுபடி முயன்று. அவன் பாட்டை நிறுத்தினான். குழல் நின்றது. மூச்சு இன்னும் இரண்டு தடவை இழுத்துவிட்டுப் பிறகு நின்றது.

பதிவில் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று மாலை அண்ணி பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, பிரமாதம் என்றான். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அலுத்துப்போய் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் திருகைக் கேமின் பக்கம் வைத்தான். அந்த வியாழனுக்குப் பிறகு அவன் அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தான். பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தேடிப் போகிற மாதிரி மனம் அங்கேயே போனது. இடிந்த கட்டிடத்தில் அவனுடைய வீரன் நடந்தான். முன்னால் தண்ணீர் சொட்டியது, வலப்புறம் எங்கோ பூட்ஸ் தேய்ந்தது. பின்னால், இடப்பக்கம், யாரோ மரத்தைச் சுரண்டினார்கள்.

எதிரியாக்கும் என்று வீரனை அந்தப் பக்கம் திருப்பினான். தண்ணீர்ச் சொட்டு காதுக்குக் காது இடம் மாறியது. பூட்ஸ் சத்தம் மாறியது. சுரண்டல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னால். இடப்பக்கம். வீரனை ஒரு முழுச் சுற்று சுற்றினான். அசையவில்லை. பிறகு, கழுத்து மயிர் குத்திட, தன் நாற்காலியை மெல்லத் திருப்பினான். இப்போது சத்தம் நகர்ந்தது. நேராக அவன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. முகத்துக்கு முன்னால் அண்ணன் அறையின் கதவு இருந்தது.

அந்தக் கட்டிலின் ஓரச் சட்டத்தில் வலது கை விழும் இடத்தில் நகக் கீறல்கள் இருந்தன. நாலு வரிசை, ஒன்றின்மேல் ஒன்றாக. அண்ணி பார்ப்பதற்கு முன்பே அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வார்னிஷ் பூசியிருந்தான். அண்ணன் எத்தனை நேரம் சுரண்டினார் என்று அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. ஹெட்போனைக் கழற்ற மனம் துணியாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இருபத்தேழு நிமிடம்.

மூன்றாம் நாள் அவன் பெட்டியைத் தொடுவதாகவே இல்லை. ஆனால் ஒரு வீடியோவை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அதில் மணமகளின் அப்பா பேசும் பேச்சு கூட்டத்தின் சந்தடியில் அமுங்கிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் திருகைப் படத்தின் பக்கம் திருப்பினான். சந்தடி அப்படியே பின்வாங்கியது. பேச்சு மட்டும் முன்னால் வந்தது. பெண்ணைப் பெற்றவர் வாயைத் திறந்தார்.

"டேய் சின்னவனே, கொஞ்சம் வாடா."

கூச்சத்தோடு. ஒரே ஒரு தடவை இல்லை.

"டேய் சின்னவனே. மூச்சு... டேய். தூங்கிட்டியா?"

அவன் படத்தை நிறுத்தினான். திரையில் அந்த மனிதர் திறந்த வாயோடு நின்றார். குரல் நிற்கவில்லை. அண்ணன் திட்டவில்லை. கெஞ்சினார். இடையில் ஒரு தடவை, கேம்ல இருக்கியாடா, பரவாயில்ல, முடிச்சிட்டு வா என்றார். சின்னவன் மேசைமேல் கவிழ்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான்.

தோளில் ஒரு கை விழுந்தது. அண்ணி. கைப்பை தோளில் தொங்க, ஈரச் செருப்போடு. கடையில் கூட்டமில்லை என்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். என்ன ஆச்சு, ஏன் இப்படி வேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஒண்ணுமில்ல அண்ணி, இரைச்சல் என்றான்.

"புதுசுலயுமா?" என்று அவள் ஹெட்போனை எடுத்தாள்.

"வேண்டாம் அண்ணி."

அவள் மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் முகத்தில் இருந்த களைப்பு, துணியால் துடைத்த மாதிரி போய்விட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். அண்ணன் அறைக் கதவுப் பக்கமாக.

"கேக்குதுங்க. சொல்லுங்க" என்றாள்.

அவனிடம் அல்ல.

மழை விட்டிருந்தது. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. அண்ணி தலையை ஆட்டினாள். ம் என்றாள். சற்றுப் பொறுத்து இன்னொரு ம். அவள் கண்கள் திரையை விட்டு, மேசையை விட்டு, மெல்ல நகர்ந்து அவன்மேல் வந்து நின்றன. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான்.

"அண்ணி, நானே சொல்லிடறேன். அன்னிக்கு நான்..."

அவள் கையை உயர்த்தினாள். "இப்ப நீங்க சொல்லாதீங்க தம்பி. அவர் பாதிதான் சொல்லியிருக்காரு."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கால்கள் வரவில்லை. கைகளும் வரவில்லை. வலது கை விரல்கள் மட்டும் அசைந்தன. அண்ணி என்று கத்தினான். அவனுக்கே கேட்காத ஒரு முணுமுணுப்புதான் வெளியே வந்தது.

"நீங்களே வர்றீங்களா?" என்று அண்ணி கேட்டாள். பிறகு, "சரி. மெதுவா வாங்க."

அவன் காதில் ஹெட்போன் இல்லை. ஆனாலும் கேட்டது. பக்கத்து அறையில், காலியான கட்டிலில், மெத்தை பாரம் இறங்கி எழுந்தது. ஒரு குதிகால் தரையில் பட்டது. நெடுநாளாய் நடக்காத கால். இன்னொன்று. நின்றது. வந்தது.

கதவு திறந்தது.

அண்ணி அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு வழி விட்டாள்.