ஓடக்காரரின் ஐந்தாம் புத்தகம்

12-11-1997, புதன், மதியம்.
நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. 'அலமாரிப் பூட்டை அமுக்கினேன், இழுத்துப் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். அமுக்கினேன். இழுத்துப் பார்த்ததாக இப்போது நினைவில் இல்லை. தினமும் செய்வதால் நேற்றும் செய்ததாக எழுதிவிட்டேன் போல. இனிமேல் செய்ததை மட்டும் எழுத வேண்டும்.

பிரம்மநாயகி டைரியை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்து மொத்தக்கடையில் பகலெல்லாம் பில் போடுகிறவள் அவள். வயது இருபத்து மூன்று. இந்தப் பிழை அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மாலை ஆறே கால் வரைக்கும் தோன்றவில்லை.

ஆறே காலுக்கு, முருகன்குறிச்சி மாடி வகுப்பறையில், இன்பமணி சார் அலமாரியைத் திறந்தார். நான்கு புத்தகங்கள் இருந்தன. ஐந்தாவதைக் காணோம்.

சார் நகோயாவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தவர். ஊர் திரும்பி ஜப்பானிய மொழி மாலை வகுப்பு ஆரம்பித்தார். கூட்டமாக வந்தவர்களில் மிஞ்சியது நான்கு பேர். அவர்களுக்குப் பாடமே ஒரு மங்காதான். வலமிருந்து இடமாக வாசிக்கிற ஜப்பானியச் சித்திரக்கதை. ஆற்றில் ஓடம் தள்ளும் ஒரு பெரியவர், அவர் மகள் ஹரு, இரண்டு பேரின் கதை. முதல் நான்கு புத்தகங்களையும் வரி விடாமல் வகுப்பில் படித்து முடித்திருந்தார்கள். ஐந்தாவது போன மாதம்தான் நகோயா நண்பரிடமிருந்து தபாலில் வந்தது. அதை சாரைத் தவிர ஒருவரும் திறந்ததில்லை. அதே கதையை அனிமேயாக, அதாவது அசையும் படமாக எடுத்த வீடியோ கேசட்டுகளை மட்டும் எல்லோரும் சார் வீட்டு டெக்கில் போட்டுப் பார்த்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வு. ஐந்தாம் புத்தகத்தில் சார் காட்டுகிற பக்கத்தை வாசிக்க வேண்டும். கேசட் எந்த இடத்தில் புத்தகத்தைக் கோட்டை விட்டது என்று ஜப்பானிய மொழியிலேயே சொல்ல வேண்டும். முதலில் வருகிறவருக்கு வேலை. பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் நிறுவ வருகிற ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். நன்றாகச் செய்தால் நகோயாவில் பயிற்சி.

அந்த இடம் ஹெப்ரானுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பேட்டைப் பட்டறை ஒன்றில் லேத்தில் கடைசல் வேலை பார்க்கிறவன். நாக்கில் ஜப்பான் மொழி வழுக்கிக்கொண்டு வரும். அலமாரிச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. சார் அன்று திறந்ததும் அவனிடம் வாங்கிய சாவியால்தான்.

"பூட்டு பூட்டுன மேனிக்கு இருக்கு. சாவி ஒங்கிட்ட இருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தலே கேக்க?" என்றார் சார்.

"நான் எடுக்கல சார்."

"எடுத்தேன்னு சொல்லல. சாவி ஒம் பொறுப்பு. புத்தகம் வாற வரைக்கும் நீ தேர்வுல உக்கார வேண்டாம்."

ஹெப்ரான் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஹெப்ரான் விலகினால் அடுத்தவள் நாயகிதான். சும்மா இருந்தால் போதும். ஒரு நிமிடம் சும்மா இருந்தும் பார்த்தாள்.

"சார், நேத்து பூட்டுனது நான். இழுத்துப் பாக்கல."

சார் பூட்டைக் கையில் எடுத்தார். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு அது. திறக்கத்தான் சாவி வேண்டும். மெல்ல அமுக்கினார். பூட்டியது போலத்தான் இருந்தது. இழுத்தார். திறந்துகொண்டது. மறுபடி அழுத்தி அமுக்கினார். டக்கென்று விழுந்தது.

"அப்ப சாவி இல்லாமலும் எடுத்திருக்கலாம்" என்றாள் நாயகி. "எடுத்த பெறகு அழுத்திப் பூட்டிட்டுப் போயிருக்கலாம்."

"லாம் லாம்னு சொன்னா ஆச்சா? யாருன்னு சொல்லு. வெள்ளிக்கெழம சாயந்தரம் வரைக்கும் பொறுக்கேன்."

புதன், மாலை 7.00

படியடியில் நின்று நாயகி யோசித்தாள். செவ்வாய்க்கிழமை மழை. வகுப்பு முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. இருட்டிலேயே அவள் அலமாரிப் பூட்டை அமுக்கினாள். எல்லோரும் தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கினார்கள். பிறகு மற்ற மூன்று பேரும் தனித்தனியாக மேலே போய் வந்தார்கள். அவள் சாரோடு கீழேயே நின்றாள். கடைசி ஆள் இறங்கியதும் வீட்டுக்காரர் மாடிப்படிக் கதவைப் பூட்டிவிட்டார். மறுநாள் சார் வந்தபோதுதான் அது திறந்தது.

மூன்றில் ஒருவர். எடுத்தவர் வாசித்திருப்பார். வாசித்தவர் வாயில் அது எங்காவது எட்டிப் பார்க்கும். அதனால் ஆளுக்கு இரண்டு கேள்வி. மேலே என்ன செய்தாய்? கேசட்டின் முடிவில் என்ன குறை?

முதலில் ஹெப்ரான்.

"சன்னல் சாத்தப் போனேன். மழைத் தண்ணி உள்ள அடிச்சிது. சாத்திட்டு எறங்கிட்டேன்."

"கேசட் முடிவு எப்படிண்ணே?"

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்." ஆனாலும் சொன்னான். "அந்த ஓடக்காரரு நாலு புத்தகத்துலயும் சேத்து பத்து வார்த்த பேசிருப்பாரா? கேசட்ல வெள்ளத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு மகளுக்குப் பிரசங்கம் பண்ணுதாரு. எங்க சர்ச் ஐயரு தோத்தாரு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு."

நான்கு புத்தகம் படித்த எவரும் சொல்லக்கூடியதுதான். நாயகி தலையாட்டினாள்.

அடுத்து ஜெமிமா. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கோபேயில் இருக்கும் தம்பி குடும்பத்தோடு பேசுவதற்காகப் படிக்கிறவர். அவருக்கு வேலை வேண்டாம். தேர்வை விளையாட்டாக எழுத வந்தவர். பஸ் நிறுத்தம் வரை நாயகி கூட நடந்தாள்.

"குடையை எடுக்கப் போனேன். அலமாரிப் பக்கமே திரும்பல. எனக்கு இருட்டுன்னா ஆகாது. நீ என்ன, போலீஸ் மாதிரி கேக்க?"

"கேசட்டோட முடிவு புடிச்சிருந்துச்சா டீச்சர்?"

"அழுதேன், நல்லா அழுதேன். ஆனா புத்தகத்துல வெள்ளமே கெடையாதாம்லா. அப்ப நான் அழுததெல்லாம் வேஸ்ட்டு."

நாயகியின் கால் ஒரு கணம் தயங்கியது. வெள்ளம் கிடையாது என்று ஐந்தாம் புத்தகத்தைப் பார்த்தவருக்குத்தானே தெரியும்? கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. டீச்சர் ஏறிப் போய்விட்டார்.

கடைசியாகக் கணேஷ்ராம். டவுன் பாத்திரக்கடைக்காரரின் மகன். ஆங்கிலச் சொல் எதையும் ஸ்டைலாக இழுத்துச் சொல்வான். ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு அவளுக்காகவே காத்திருந்தான்.

"விசாரணை எனக்கும் உண்டாக்கா? ஹெப்ரான் அண்ணன் போனா ஒங்களுக்குத்தான் வேலை. தானா வாறத எதுக்கு வெரட்டிட்டு மெனக்கெடுதிய?"

"நீ எதுக்கு மேல போன?"

"பேனா. எங்க அப்பா வாங்கித் தந்தது. தொலைச்சா தோல உரிச்சிருவாரு. டீச்சர் எறங்குனதும் ஏறுனேன். ஃபேன் நின்னு போச்சு, மழையும் விட்டுட்டு, எல்லாம் ஷீ...ன். எனக்கே பயந்து வந்துச்சுன்னா பாருங்க."

"கேசட் முடிவு?"

"அருமை. வெள்ளம், பாட்டு, அழுகை எல்லாம் இருக்கு. எனக்குக் கேசட்டே போதும்க்கா. புத்தகத்த யாரு கண்டா?"

அவன் பதிலில் சுத்தமாக ஒன்றும் இல்லை. நாயகி வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜெமிமா டீச்சரையே நினைத்தாள். நினைக்கப் பிடிக்கவில்லை.

வியாழன், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்தில் சமாதானபுரம் போய் சார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், ஐந்தாம் புத்தகத்துல வெள்ளம் இல்லன்னு ஜெமிமா டீச்சருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். கேசட் பாத்துட்டு மூக்கச் சிந்திக்கிட்டு இருந்தாங்க. பாவமா இருந்துச்சு."

ஒரு பாரம் இறங்கியது. கூடவே நாயகிக்குக் கையில் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது. நாளை மாலை ஹெப்ரான் கதை முடிந்துவிடும். கிளம்பப் போனவள் நின்றாள்.

"கேசட்டுல ஏன் சார் வெள்ளத்தக் கொண்டு வந்தாங்க?"

"வேற வழியில்ல. படம் எடுத்தப்ப ஐந்தாம் புத்தகம் எழுதவே இல்ல. வாராவாரம் டிவியில காட்டணும். கைல இருந்த கதை தீந்து போச்சு. ஹரு கரையோரமா ஓடுதாள்லா, அதே ஓட்டத்த எத்தன தடவ போட்டாங்கன்னு பாத்திய? அப்படி இழுத்தும் புத்தகம் வரல. அவங்களா ஒரு வெள்ளத்த விட்டு முடிச்சிட்டாங்க."

"புத்தகத்துல என்ன நடக்கு?"

சார் சற்று யோசித்தார். "தேர்வுக்கு வச்சிருந்தது. இனிமே என்ன. மேல அணை கட்டிருதாங்க. ஆத்துல தண்ணி இல்ல. ஓடம் மணல்ல கெடக்கு. நாலு பக்கத்துக்கு ஒரு பேச்சும் கெடையாது. முந்துன புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் சத்தத்த எழுத்தா வரஞ்சிருப்பாங்கள்லா?"

"துடுப்பு, மழை, தவளை."

"ஆமா. எங்க பாத்தாலும் எரைச்சல். இங்கன ஒண்ணுமே இல்ல. மணலுக்கு மேல ஒரே ஒரு சத்தம்." செய்தித்தாள் ஓரத்தில் மூன்று எழுத்தை எழுதிக் காட்டினார். "சத்தமே இல்லாததுக்கு ஜப்பான்காரங்க எழுதுத சத்தம் இது. நாம காது ஙொய்யுன்னு இருக்குன்னு சொல்வோம்லா, அது மாதிரி. இத எப்படிப் படத்துல காட்டுவ? சத்தத்த நிறுத்துனா டிவி கெட்டுப் போச்சுன்னு எந்திரிச்சு வந்து தட்டுவானுவ. அதான் அங்கன ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் புல்லாங்குழல்."

நாயகி அந்த மூன்று எழுத்தையும் கூட்டி மனசுக்குள் வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"இத யார்ட்டயாவது சொல்லிருக்கியளா சார்?"

"ஒருத்தர்ட்டயும் இல்ல."

பஸ்ஸில் திரும்பும்போது நேற்று மாலை கேட்ட பேச்சை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். காது சரியாகத்தான் கேட்டதா? அவளுக்கு அவள் காதின் மேலேயே நம்பிக்கை இல்லை. இழுக்காத பூட்டை இழுத்ததாக எழுதியவள். அரைகுறையாகக் கேட்டதை வைத்து ஒருவன் மேல் பழி போடலாமா? போடாவிட்டால் ஹெப்ரான் போவான். அவன் இடத்தில் அவள் போய் உட்காருவாள். அதையும் யோசித்தாள். கேட்டது சரியா என்று அறிய ஒரு வழிதான் உண்டு. அதே சொல்லை, சொன்னவன் வாயாலேயே இன்னொரு முறை, சார் முன்னால் வரவழைக்க வேண்டும்.

வெள்ளி, மாலை 6.00

ஹெப்ரானும் வந்திருந்தான். பட்டறையில் அனுமதி கேட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்து, கடைசிப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சார் பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

"தேர்வுக்கு முன்னால ஒரு நிமிசம் சார்." நாயகி எழுந்து நின்றாள். "செவ்வாக்கெழம மேல போனவங்க, அங்கன எப்படி இருந்துச்சுன்னு ஒருக்கச் சொல்லட்டும். டீச்சர்?"

"கும்மிருட்டு. வேற என்ன."

"கணேஷ்ராம்?"

"எத்தன தடவக்கா சொல்ல? ஃபேன் நின்னு போச்சு, மழையும் விட்டுட்டு, எல்லாம் ஷீ...ன். போதுமா?"

சாரின் சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. அவர் மெல்லத் திரும்பினார்.

"அந்த வார்த்தைய எங்கலே படிச்ச?"

"எந்த வார்த்த?"

"இப்பச் சொன்னதுதான்."

கணேஷ்ராம் சிரிக்கப் பார்த்தான். "'சீன்'னு சொன்னேன் சார். இங்கிலீஷ்."

"இருட்டுல என்ன சீன்?" என்றாள் நாயகி. "நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். சினிமாவுல வாற சீன்னு. நீ சொன்னது ஜப்பான் வார்த்த. சத்தம் இல்லன்னு அர்த்தம்."

"அகராதியில பாத்திருப்பேன்."

"நம்ம வகுப்பு அகராதியில அது கெடையாது" என்றார் சார். "நானும் சொல்லித் தரல."

"கேசட்டுல?" நாயகி கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "கேசட்டுல சத்தம் இல்லாத எடமே இல்ல. குழல் ஊதிக்கிட்டே இருக்காங்க. மொத நாலு புத்தகத்துலயும் நாம படிக்காத பக்கம் கெடையாது. அந்த வார்த்த ஐந்தாம் புத்தகத்துல மட்டுந்தான் இருக்கு. கேசட் முடிவ நான் கேட்டப்ப நீ உஷாரா பதில் சொன்ன. இருட்டப் பத்திச் சொல்லும்போது உஷாரா இல்ல. அங்கன வாய்க்கு நல்லா இருக்கேன்னு வந்துட்டு. புத்தகத்த எடுத்தது நீதான்."

கணேஷ்ராம் ஜெமிமாவைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், ஹெப்ரான் பக்கம் மட்டும் திரும்பவில்லை. எழுந்து கீழே போனான். ஸ்கூட்டர்ப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. செய்தித்தாளில் சுற்றிய புத்தகத்தோடு மேலே வந்தான்.

"பூட்டு தொட்டதும் தொறந்துட்டு சார். ஒரு நாள் வச்சுப் படிச்சுட்டு, மறுநாள் வகுப்பு நடக்கையில நைசா சொருகிரலாம்னு நெனச்சேன். அலமாரி தொறந்துதானே கெடக்கும். நீங்க வந்ததுமே எண்ணிப் பாப்பியன்னு தெரியாது. இந்த வேல கெடைக்கலன்னா பொங்கல்லருந்து பாத்திரக்கடையில உக்காருன்னு அப்பா சொல்லிட்டாரு."

"சரிலே," என்றான் ஹெப்ரான். குரல் உயரவில்லை. "எடுத்தது கூடப் போட்டும். சார் எங்கிட்ட கேட்டப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

கணேஷ்ராம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

சார் செய்தித்தாளைப் பிரித்துப் பக்கங்களைச் சரிபார்த்தார். ஒன்றும் கிழியவில்லை. "ஹெப்ரான், ஒன்ட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

"விடுங்க சார்."

"இன்னைக்கு ஒருத்தருக்கும் வாசிக்க ஓடாது. நாளைக்கு வச்சிக்கிடலாம். தொழிற்சாலைக்குப் பேர் திங்கக்கெழம போனாப் போதும்." பிறகு நாயகியிடம் திரும்பினார். "நீ சும்மா இருந்திருந்தா இந்தத் தேர்வே ஒனக்கு வேண்டியதில்ல. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அவன் நல்லா வாசிப்பான்."

"அதுவும் தெரியும் சார்."

ஜெமிமா டீச்சர் சிரித்துவிட்டார். ஹெப்ரானும் இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.

அன்றைய குறிப்பில் அவள் நடந்ததை மட்டும் எழுதினாள். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, கீழே இதையும் எழுதினாள்:

நாளை, 15-11, சனி. கடையில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். மாலை ஆறு மணிக்குத் தேர்வு, ஐந்தாம் புத்தகம். ஹெப்ரான் அண்ணன் முதலில் வாசிக்கிறார். அடுத்தது நான்.