பெண்ணைப் பெற்றவளின் கொட்டாவி

"அம்மா! இன்னும் எவ்வளவு நேரம்? நேத்து என் மானத்தை வாங்கினது போதாதா?"

குளியலறைக் கதவை மகள் படபடவென்று தட்டினாள். உள்ளே அவள் அம்மா சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் குடலைப் பிழிந்தது வலி. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், கொட்டாவிதான் வந்தது.

பாழாய்ப்போன அந்தக் கொட்டாவியால் வந்த வினைதான் எல்லாம்!

அந்த வீட்டின் இளைய மருமகள் அவள். தலை நரைத்தும் எல்லோருக்கும் 'சின்னவ'தான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை வருஷக்கணக்கில் தூக்கிப் புரட்டித் துடைத்தவள். மாமியார் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். தூக்கியவளின் முதுகுதான் போயிற்று. டாக்டர் வீரியமான வலி மாத்திரை கொடுத்தார். முதுகு அடங்கியது, கூடவே வயிறும் அடங்கிவிட்டது. மலம் கல்லாக இறுகி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தையல் மெஷினோடு பேசுகிற அளவுகூட அவளோடு பேசாத கணவரிடமா? செருப்பை மாட்டிக்கொண்டே சாப்பிட்டு வேலைக்கு ஓடும் மகளிடமா? தனியாகப் போய், தலையைக் குனிந்துகொண்டு டாக்டரிடம் சொன்னாள். அவர் அதற்கென்று புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாரமில்லாமல் உட்காரலாமே என்று நேற்றுக் காலை முதல் மாத்திரையைப் போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா, சலவைக்கடை நடத்துகிறவள், மகனின் பெருமையை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது சின்னவளுக்கு வந்தது ஒரு கொட்டாவி. அடக்கினாள். இன்னொன்று... மேலும் ஒன்று! உடம்பெல்லாம் வேர்த்தது, குளிரவும் செய்தது. சட்டென்று வயிறு முறுக்க, பேச்சின் நடுவே எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது நாற்காலிகள் காலி. "பொண்ணோட அம்மாவுக்கே இஷ்டமில்ல போல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்களாம்.

ஒருவழியாகக் கதவைத் திறந்தாள். எதிரே வீட்டின் மூத்த மருமகள், பெரியவள்.

"வாங்க மகாராணி! பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டாச்சு, இப்ப திருப்திதானே?"

"அக்கா... எனக்கு உடம்பு..."

"உனக்கு என்னிக்குத்தான் உடம்பு நல்லா இருந்துச்சு?" கேட்டது பெரியவள் அல்ல, மகள்!

கணவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டியபடி சுவரைப் பார்த்தார். ஒரு வீடு நிறைய மனிதர்கள்... காட்டில் விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பதறிப்போய்க் கையைப் பிடித்த மகள் திடுக்கிட்டாள்.

"அம்மா! என்னம்மா இப்படிச் சில்லுன்னு நனைஞ்சிருக்கே?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "பயப்படற மாதிரி இல்ல. அந்தப் புது மாத்திரையோட பக்கவிளைவு இது. வலி மாத்திரை குடலைக் கட்டிப்போடுது, இது அவிழ்த்து விடுது. அந்த இழுபறியில சிலருக்கு வயித்துவலி, பேதி, வேர்வை, குளிர், கொட்டாவிகூட வரும். இதை நிறுத்திட்டு வேற பார்க்கலாம். இவ்வளவு ஆனதும் ஏம்மா உடனே வரல?"

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். "வீட்டுல விசேஷப் பேச்சு சார்..."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ நின்னாத்தானே கண்ணு சொல்ல முடியும்..."

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் போனை எடுத்தாள். பெரியவள் பாய்ந்து வந்தாள். "ஐயையோ, இதையெல்லாமா சம்பந்தி வீட்டுல சொல்லுவாங்க? வெட்கக்கேடு!"

"வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் அக்கா இங்க வந்து நிக்கறேன்."

மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மாவுடைய குரல் கேட்டதும் ஒன்றையும் மறைக்கவில்லை. "அம்மா, உங்க மகனைப் பிடிக்காம நான் எழுந்து போகல. எனக்கு மலச்சிக்கல். அதுக்குப் போட்ட மாத்திரை ஒத்துக்கல. கொட்டாவியும் அதுனாலதான். என் பொண்ணை அதுக்காகத் தள்ளிடாதீங்க..."

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. "அடப் பாவமே! நான் வேற ராத்திரி பூரா என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்னு அழுதுட்டு இருந்தேன். முதல்ல உடம்பைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வர்றோம். நடுவுல எழுந்து போகணும்னா தாராளமா போங்க, நான் பேச்சை நிறுத்தி வைக்கிறேன்!"

மகள் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாக உடைந்தது. "மன்னிச்சுடும்மா..." என்று அம்மாவின் மடியில் விழுந்தாள்.

பெரியவள் நகரவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே நின்றாள். "அத்தை எனக்கும் மாமியார்தான், சின்னவ. என் பங்கையும் சேர்த்து நீதான் தூக்கினே... தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

பெரியவள் சின்னவளின் பின்னால் வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கி அவள் முதுகில் கையை வைத்தாள்.

"எங்கேடி வலிக்குது?"

எத்தனையோ வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. சின்னவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது.