சைபர் காட்டிய கருவி

காலை பதினொரு மணி. தூத்துக்குடித் துறைமுகம்.

நிலக்கரிக் கப்பலின் சரக்கு அறையிலிருந்து ஃபோர்மேன் சிலுவையைக் கயிறு கட்டித் தூக்கினார்கள்…

பிணமாக!

"உள்ள விஷவாயு இல்லன்னு கையெழுத்துப் போட்ட புண்ணியவதி யாரு?" இன்ஸ்பெக்டர் ஜெபசுதா கேட்டாள்.

"நாந்தான் மேடம்." வாயுவைப் பரிசோதிக்கும் இசக்கிசெல்வி முன்னால் வந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். அதற்குள் ஜெயிலா? "மிஷின் சைபர் காட்டிச்சு. அதான் அவர எறங்கச் சொன்னேன்."

"மிஷின் எப்படிளா கண்டுபிடிக்கும்? மோப்பம் பிடிக்குமா?"

"இல்ல மேடம். ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி விடும். எதிர்ப்பக்கம் சென்சார். நடுவுல கார்பன் மோனாக்சைடு வந்தா, அதுக்குன்னு உள்ள அலைய மட்டும் முழுங்கிரும். எவ்வளவு ஒளி கொறையுதோ, அவ்வளவு வாயு."

"ஒளிய முழுங்குமா? எங்க ஸ்டேஷன்ல வடையத்தான் முழுங்குவாவ."

ஷிப்பிங் ஏஜெண்ட் ஷாம் வாய்விட்டுச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? அவனுடைய கடலட்டைக் கடத்தலைப் பற்றிப் போன வாரம் போலீசில் மனு கொடுத்தவனே சிலுவைதான்.

"எனக்கு இது மிஷினா, கேமராவான்னே தெரியாது மேடம். இந்தப் பிள்ள டீக்குப் போனா, வந்தா, கையெழுத்துப் போட்டா. அம்புட்டுதான் பாத்தேன்" என்றான் ஷாம்.

டீ…!

இசக்கிசெல்விக்குச் சுரீரென்றது. குழாயைச் சரக்கு அறைக்குள் தொங்கவிட்டு, கருவியை மேல்தளத்தில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் போயிருந்தாள். மடத்தனம்.

கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழாயை வெளிக்காற்றில் பிடித்து, திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், இங்கனயே மூவாயிரம் காட்டுது… வாயு மேல வந்துட்டு. எல்லாரும் ஓடுங்க!"

மேல்தளமே காலியானது. தொப்பி கழன்று விழ ஜெபசுதாவும் ஓடினாள்.

ஷாம் மட்டும் அசையவில்லை.

"நீங்க ஓடலியா சார்?"

"ஏளா கூறுகெட்டவளே, முன்னால ஒரு கோடு இருக்கும், பாரு. அது மைனஸ் மூவாயிரம். வெளிக்காத்துல அப்படித்தான் காட்டும்."

"திரை எம்பக்கம்லா இருக்கு. கோடு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

ஷாம் படிப்பக்கம் நகர்ந்தான்.

ஜெபசுதா மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"மேடம், சைபர் பட்டன வெளிக்காத்துலதான் அமுக்கணும். நான் டீக்குப் போனப்ப, குழாய் உள்ள கெடக்கயிலே அமுக்கியிருக்காரு. உள்ள இருந்த மூவாயிரத்தையே மிஷின் சைபர்னு எடுத்துக்கிட்டு. நல்ல காத்துல வச்சா மைனஸ்ல போவும். நான் வேணும்னே கோட்ட மறைச்சுச் சொன்னேன்; இவரு ஓடாம நின்னு மைனஸ்ங்காரு. பாக்காமலே அது தெரியணும்னா, அமுக்குன ஆளாத்தான் இருக்கணும்."

ஜெபசுதா தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, ஷாமின் தோளில் கை வைத்தாள்.

"கேமராவா மிஷினான்னு தெரியாமலே இம்புட்டு ஞானமா சார்? மீதிப் பாடத்த லாக்கப்புல எடுங்க. அங்கன காத்து கொஞ்சம் கம்மி."