சீடை சொன்ன சேதி

தண்ணிலவூரில் அணிலைக் கேட்காமல் யாரும் பல் துலக்க மாட்டார்கள். நிலவின் தரைக்கு அறுபது மீட்டர் கீழே, பழைய எரிமலைக் குழாய் ஒன்றுக்குள் இருக்கும் ஊர் அது. ஆயிரத்து அறுநூறு பேர். நிலவிலேயே குடியிருப்பவனுக்குச் சந்திராஷ்டமம் என்றைக்கு என்று அங்கே நாற்பது வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வந்தபாடில்லை. வீட்டுக்கு ஒரு சறுக்கணில் உண்டு. பூமியில் சுகர் கிளைடர் என்று வளர்க்கிறார்களே, கைக்கும் காலுக்கும் நடுவே தோலை விரித்து மிதக்கும் குட்டிப் பிராணி, அதுதான். நிலவின் எடைக்குறைவில் அது அலமாரியிலிருந்து தாவினால், நீங்கள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்த பிறகுதான் தரையிறங்கும்.

காற்று கசிந்தால் மானிகளுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது கத்துவதன் பொருளைச் சொல்ல, ஊரில் எல்லோர் காதிலும் கடுகளவு ஒலிபெயர்ப்பான் பதித்திருந்தார்கள். அணிலின் சத்தத்தையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்து எடைபோட்டு, சுத்தத் தமிழில் சொல்லிவிடும். 'விருந்தினர் வருகை.' 'சுபச் செய்தி.' பதினோரு வருடத்தில் அது பொய் சொன்னதாக ஒரு புகார் கிடையாது. விருந்தினர் வராத நாளில், வர நினைத்திருப்பார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

அன்று காலை செங்கமலத்தின் வீட்டு அணில் குரைத்தது. அதன் பெயர் சீடை. முந்தின நாள்தான் ஊரில் எல்லா வீட்டிலும் தென்மேற்கு மூலையில் புதிய வெந்நீர்க் குழாய் பொருத்தியிருந்தார்கள். சீடை அதன்மேல் கதகதப்பாக ஒட்டிக்கொண்டு, "வொர்க்... வொர்க்..." என்று உள்ளங்கையளவு நாய்க்குட்டி போலக் குரைத்தது.

செங்கமலத்தின் காதில் குரல் வந்தது: 'உயிருக்கு ஆபத்து.'

கையிலிருந்த டம்ளர் நழுவியது. அது ஆடி அசைந்து தரைக்கு வருவதற்குள் அவள் பாய்ந்துபோய் மகள் யாழிசையின் கையைப் பிடித்துவிட்டாள். யாழிசை ஊரின் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்ப்பவள். அன்று மேல்தரைக்குப் போய் ஓர் அலைவாங்கியைச் சரிசெய்ய வேண்டும்.

"இன்னைக்கு நீ மேல போகக் கூடாது."

"அம்மா, அதுக்குப் பசி. ஒரு துண்டு ஆப்பிள் குடு."

"பசிக்கு இப்படியா கத்தும்? உயிருக்கு ஆபத்துங்குதுடி!"

"யார் உயிருக்குன்னு சொல்லலையே."

"அதான்டி போகாதேங்கறேன்!"

யாழிசை சிரித்துக்கொண்டே கிளம்பினாள். அதே குரல் அவள் காதிலும் கேட்டிருந்தது. அம்மா பார்க்காத நேரத்தில் தென்மேற்கு மூலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வெளிவாயிலில் அவள் விண்ணுடையை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஊருக்குள்ளே பக்கத்து வீட்டு அணில் குரைத்தது. பிறகு எதிர்வீட்டு அணில். பிறகு தெரு. பிறகு ஊர். எல்லாமே தென்மேற்கு மூலையிலிருந்து. ஆயிரத்து அறுநூறு காதுகளுக்குள் ஒரே குரல், ஒரே சேதி: 'உயிருக்கு ஆபத்து. உயிருக்கு ஆபத்து.'

அபாயச் சங்கு ஊதக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஓடினார்கள். நிலவில் ஓடுகிறவன் கால் தரையில் பாவாது. பாதிப் பேர் கூரையில் தலையை முட்டிக்கொண்டார்கள். குழந்தையைத் தூக்க ஓடியவர் அண்டை வீட்டுக் குழந்தையைத் தூக்கினார். அணிலைச் சட்டைப்பைக்குள் போட மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. ஊர்க்கோடியில் இருக்கும் அடைக்கல அறைக்குள் அத்தனை பேரும் புகுந்தார்கள். அந்த எஃகுக் கதவின் சக்கரத்துக்குப் பொறுப்பு செங்கமலம். கடைசி ஆள் உள்ளே வந்ததும் மகளைத் தேடித் தெருவைப் பார்த்தாள். காணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினாள்.

அந்த அறையில் இருந்த காற்று நானூறு பேருக்கு நான்கு மணி நேரம் போதும். ஆயிரத்து அறுநூறு பேருக்கு ஒரு மணி நேரம்.

யாழிசை மறுகோடி வெளிவாயிலிலிருந்து அந்தக் கதவை அடைந்தபோது அரை மணி ஓடியிருந்தது. வழியெல்லாம் மானிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கசிவு எங்கும் இல்லை. காலித் தெருக்களில் நல்ல காற்று வீணாக நிறைந்து கிடந்தது. கதவோரப் பேசியை அழுத்தினாள்.

"அம்மா, கதவைத் திற. வெளிய ஒண்ணுமே இல்ல."

"கண்ணு... உயிரோட இருக்கியா?" செங்கமலத்தின் குரல் உடைந்தது. "திறக்க முடியாதும்மா. திறந்தா இங்க இருக்கிற அத்தனை பேரும் செத்துருவாங்க."

"திறக்கலைன்னாதான் சாவீங்க!"

பின்னால் குழந்தைகள் இருமுவது கேட்டது. யாழிசை மணிக்கட்டுத் திரையில் ஒலிபெயர்ப்பானின் அகராதியைத் திறந்தாள். பதினோரு வருடத்தில் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. 'குரைப்பு, தென்மேற்கு: உயிருக்கு ஆபத்து.' இது எங்கிருந்து வந்தது? மூலத்தைத் தேடிப் போனாள்.

பல்லி சொல்லும் பலன்.

வீட்டுக்குள் ஒட்டிக்கொண்டு சத்தம் போடும் சின்னப் பிராணி என்ன சொல்கிறது என்று இயந்திரத்திடம் கேட்டிருக்கிறார்கள். அணிலைப் பற்றித் தமிழில் ஒரு வரியும் அதற்குக் கிடைக்கவில்லை. பல்லியைப் பற்றி நானூறு பஞ்சாங்கம் கிடைத்தது. அத்தனையும் விழுங்கி, பல்லியை எடுத்துவிட்டு அணிலைப் போட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஏறத்தாழப் பொருத்தம்' என்றும் எழுதி வைத்திருந்தது. அதற்கும் அடியில், எவரும் சீண்டாத ஓர் ஆங்கில உயிரியல் பூங்காக் குறிப்பு: 'குரைப்பு: துணை தேடும் அழைப்பு. யாராவது இருக்கிறீர்களா என்று பொருள். கேட்ட மற்றவை பதிலுக்குக் குரைக்கும்.'

"அம்மா! அது பல்லிப் பலன்ம்மா! பஞ்சாங்கத்துல இருந்து எடுத்துப் போட்டிருக்காங்க!"

உள்ளே சலசலப்பு. அண்டை வீட்டு வீரபாகுவின் குரல் மூச்சிரைத்தது. "திறக்காதீங்கக்கா. பாவம், வெளிய காத்து குறைஞ்சு பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. பல்லிங்குது."

"யாழு," செங்கமலம் அழுதாள், "நீ தப்பாச் சொல்லுவே. அணில் சொல்லாதுடி."

பதினெட்டு நிமிடம் இருந்தது. கதவைக் குத்தினாள், கெஞ்சினாள், மானியின் எண்களை உரக்கப் படித்தாள். உள்ளிருந்து இருமல்தான் பதிலாக வந்தது. பிறகு அதுவும் குறைந்துகொண்டே போனது.

யாழிசை அகராதிக்குள் திரும்பிப் போனாள். எட்டுத் திசைக்கும் இருந்த எட்டுப் பலனையும் அழித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே வரியை எழுதினாள். பேசியில் வாயை வைத்து, வெட்கத்தை எல்லாம் விட்டுவிட்டு, "வொர்க்... வொர்க்..." என்று குரைத்தாள்.

யாராவது இருக்கிறீர்களா?

பிறகு ஒரு சட்டைப்பைக்குள்ளிருந்து சீடை குரைத்தது. அடுத்து இன்னொன்று. அப்புறம் முந்நூறு அணில்களும் சேர்ந்து. இருக்கிறோம், இருக்கிறோம். ஆயிரத்து அறுநூறு காதுகளில் சுத்தத் தமிழ் ஒலித்தது: 'உடனே வெளியே புறப்படுக. இரட்டிப்பு லாபம்.'

சக்கரம் சுழன்ற வேகத்தில் கதவே பெயர்ந்துவிடும் போலிருந்தது. முதலில் முண்டியடித்து வெளியே வந்தவர் வீரபாகு.

மறுநாள் யாழிசை உண்மை அகராதியை ஏற்றினாள். அணில் குரைத்த வீட்டிலெல்லாம் காதுக்குள் கேட்டது: 'யாராவது இருக்கிறீர்களா?'

"என்னடி இது, நச்சு நச்சுன்னு," என்றாள் செங்கமலம். "பலனே சொல்ல மாட்டேங்குது. இதைக் கேட்டு நான் என்ன பண்ணட்டும்?"

மூன்றாம் நாள் ஆயிரத்து நானூறு புகார்கள் குவிந்தன. நான்காம் நாள் ஊர்மன்றம் பழைய அகராதியையே திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டது. ஏற்றிக் கொடுத்ததும் யாழிசைதான்.

ஐந்தாம் நாள், தள்ளிப்போன அலைவாங்கி வேலைக்கு அவள் புறப்பட்டாள். வீட்டிலேயே ஒரு கையுறையை மாட்டி, மறு கையுறையை எடுக்கும்போது சீடை குரைத்தது. அது என்ன கேட்கிறது என்று ஊரிலேயே புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

கையுறை பாதியில் நிற்க, மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வடகிழக்கு மூலை. காதில் குரல் வந்தது: 'சுபச் செய்தி.'

அப்பாடா.

சீடை இன்னொரு தரம் கேட்டது. அதற்குள் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள்.